ஸ்டோர் ரூமில் ஒரு சூரியன்

இனி நம் வீட்டுக்குக் கொத்தமல்லி பாசாரிலிருந்து வராது என்று அறிவித்தேன். 1995-ஆம் வருடம், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மூன்றாம் மாடி பிளாட். அறிவிப்பைக் கேட்க இருந்தது, வள்ளி என்று நான் கூப்பிடும் என் மனைவி புஷ்பவல்லி ஒருத்திதான். அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், பாசாரை மூடிட்டாங்களா?"

"சோலார் போடப்போறேன்."

"சோளமா? எங்க, ஸ்டோர் ரூம்லயா?"

"சோலார், லா! பால்கனியில பேனல் மாட்டினா வெயில் கரண்டா மாறும். அது பேட்டரியில சேரும். பேட்டரியிலேருந்து ஸ்டோர் ரூமுக்கு லைட்டு. லைட்டுக்குக் கீழ கொத்தமல்லி."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "செடியைத் தூக்கிப் பால்கனியில வெச்சா?"

"அதுல விஞ்ஞானம் இல்ல, வள்ளி."

ஜாலான் பாசார் எலக்ட்ரிக் கடைத்தெருவில் பேனல் வாங்கினேன். கீழ்வீட்டு லோரி டிரைவர் சபாபதி தன் பழைய பேட்டரியைக் கொடுத்து, வயரும் இழுத்துத் தந்தார். ஆறு தொட்டிகளில் விதை போட்டேன். காலை ஏழுக்கு ஆபீஸ் போவேன். மாலை ஐந்துக்கு வந்தால் லைட் ஜொலிக்கும், செடி சிரிக்கும். ஒன்றரை மாதத்தில் தொட்டி தெரியாமல் பச்சை மூடிவிட்டது.

பஸ்ஸில் பெருமையடித்தேன். ஆபீஸில் அடித்தேன். குடியிருப்பாளர் கூட்டத்தில் எழுந்து நின்றே அடித்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை இராஜம்மா கைகூப்பி, "வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கலாமா, சார்? பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்" என்றார்.

ஒரு வாரம் லீவு போட்டேன். ஸ்டோர் ரூம் வாசலில் நாற்காலி போட்டுக் காவலிருந்தேன். யாரும் உள்ளே போகக் கூடாது.

"நானுமா?" என்றாள் வள்ளி.

"நீயும்தான்."

செவ்வாய்க்கிழமை செடி சோர்ந்தது. வியாழக்கிழமை வெளுத்தது. சனிக்கிழமை படுத்தேவிட்டது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. பாசாருக்குப் போனேன். வேரோடு கொத்தமல்லிக் கட்டு வாங்கினேன். திருடன் மாதிரி சட்டைக்குள் மறைத்து வந்து தொட்டிகளில் நட்டேன். நாற்பத்தெட்டு வயது ஆள் நான்.

ஞாயிறன்று டீச்சர் ஆறு பேரோடு வந்தார். சபாபதியும் வந்தார்.

"என்னா பச்சை!" என்று டீச்சர் குனிந்து ஒரு செடியைத் தொட்டார். கட்டாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் சிவப்பு ரப்பர் பேண்ட்.

செடியில் வேர் இருந்தது. எனக்கு வேர்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. காப்பியடித்த பையனிடம் தாளைத் திருப்பித் தருவது போல, டீச்சர் அந்த ரப்பர் பேண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயோ டீச்சர், அது சமையலுக்கு வாங்கினது. வாடக்கூடாதுன்னு மண்ணுல சொருகி வெச்சிருக்கார்" என்று வள்ளி குறுக்கே வந்தாள். "இவரு வளர்த்தது கீழ இருக்கு. சபாபதி அண்ணே, எடுத்துட்டு வாங்க!"

சபாபதி ஓடிப்போய் ஒரு தொட்டியைத் தூக்கி வந்தார். என்னுடைய தொட்டிதான். பச்சை பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் என் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

அவர்கள் போனதும் கேட்டேன். "எப்படி வள்ளி?"

"நீங்க ஆபீஸ் போனதும் ஆறையும் பால்கனி வெயில்ல வெப்பேன். நாலரைக்கு உள்ள வெச்சு லைட்டைப் போடுவேன். இந்த வாரம் வாசலை அடைச்சு உக்காந்துட்டீங்க. முத நாளே நீங்க குளிக்கப் போன நேரத்துல ஒண்ணை மட்டும் கீழ கடத்தினேன். எண்ணிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.

"அப்ப பகல் பூரா அந்தக் கரண்டு?"

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து லோரியில் மாட்டுகிற ஒரு குட்டி பேட்டரி ஃபேனை எடுத்துக் காட்டினாள். "சபாபதி அண்ணே கொடுத்தது. அடுப்பு கிட்ட நிக்க முடியல, ஒரு ஃபேன் போடுங்கன்னு ரெண்டு வருஷமா கேட்டேன். உங்களுக்குக் காதுல விழல."

தலை நிமிரவில்லை எனக்கு. "டீச்சர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன்.

"தாராளமா சொல்லுங்க. ஆனா நாளைக்கு ஆபீஸ் உண்டுதானே? ஒரு வாரமா ஃபேன் இல்லாம வெந்து போயிட்டேன்."