தூக்கிப் பார்த்து வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நாளிதழின் இணைப்பில் நான்கு வருடங்கள் வாரந்தோறும் கணினி கேள்வி-பதில் எழுதியவன் நான். அந்த நான்கு வருடங்களில் ஒரு கணினியின் மூடியைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சி நிருபராக இருந்த என்னிடம் அந்தப் பகுதி வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், அலுவலகப் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் உருவி எடுத்ததுதான். (செய்தி ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டார்.)

வாசகர்கள் அதிகம் கேட்ட கேள்வி எஸ்.எம்.பி.எஸ். பற்றியது. கணினிப் பெட்டியின் பின்மூலையில் இருக்கும் இரும்புப் பெட்டி அது. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, உள்ளே இருக்கும் பாகங்களுக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுப்பது. அது கெட்டால் தனியாகக் கெடாது. சமயத்தில் மதர்போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போகும். நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவர்களுக்கு நான் எழுதிய பதில்: "கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தரமானது." செய்திக்காரன் என்பதால் மூன்று பேரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டுதான் எழுதினேன். மூன்று பேருமே கனமான எஸ்.எம்.பி.எஸ். விற்பவர்கள்.

அந்தப் பதிலைக் கத்தரித்து வைத்திருந்தவர்களில் என் மனைவியின் தங்கை செல்வியும் ஒருத்தி. அவள் வாழ்க்கைப்பட்டது கல்வராயன் மலையில், வெள்ளிமலையில். மலை கிராமத்துப் பிள்ளைகள் ஒரு விண்ணப்பம் போடக்கூடக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது என்று, வீட்டின் முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தொடங்க முடிவு செய்தாள். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், நான்கு நாற்காலி. மற்ற பாகங்களை அவள் கணவரே வாங்கி வந்துவிட்டார். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் என் பொறுப்பு.

"மாமா, அத மட்டும் நீங்களே பாத்து வாங்கியாந்துடுங்க. ஊருக்கே சொல்றவரு நீங்க."

இப்படி ஒரு வார்த்தை போதும், நான் எதையும் வாங்கி வந்துவிடுவேன்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் தனலட்சுமி என்ற பெண் கணினிப் பாகங்கள் விற்று, பழுதும் பார்த்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வடக்கனந்தலில் கூலி வேலை செய்யும் குடும்பம், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவர். மேசையில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஐந்து ஆட்டோ ஹெட்லைட் பல்புகள். கூடவே ஆட்டோவும் ரிப்பேர் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்டதும் சாம்பல் நிறத்தில் ஒரு சாதுவான பெட்டியை எடுத்து வைத்தார். விளக்கும் இல்லை, மினுக்கும் இல்லை. தூக்கினேன்.

"இலேசா இருக்கேம்மா."

"ஆமா சார்."

"கனமா ஒண்ணும் இல்லியா?"

"எடைக்கு வாங்கணும்னா பக்கத்துல புளி மண்டி இருக்கு சார்."

நான் யார் என்பதை இந்த இடத்தில் தெரிவித்துவிடுவது நல்லது என்று தோன்றியது. "நான் பேப்பர்ல இதப்பத்தி எழுதறவன்."

"தெரியும் சார். உங்க பதில வெட்டினு வந்து காட்டி, கனமான பீஸ் இருக்கான்னு கேக்கறாங்க. வாரத்துக்கு நாலு பேரு வராங்க."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பிரிண்டர் வயர் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, எதிர்ப்புறம் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போனேன்.

அங்கே இருந்தது கறுப்புப் பெட்டி. மூன்று நிறத்தில் ஒளிரும் ஃபேன். பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் '600 வாட்ஸ்'. தூக்கினேன். மணிக்கட்டு ஒருமுறை கீழே போய் வந்தது. இருபது வருடங்களாக எந்த அமைச்சரின் அறிக்கையையும் அப்படியே நம்பாத நான், ஒரு ஸ்டிக்கரை நம்பினேன். அதோடு விட்டிருக்கலாம். துல்லியம் என் தொழில் அல்லவா? போகிற வழியில் மக்காச்சோள மண்டியின் தராசில் அதை வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம். எடை போட்டவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "ஈரத்துக்கு எவ்ளோ கழிக்கட்டும் சார்?"

திறப்பு விழா காலை பத்தரைக்கு. உறவினர்கள், அக்கம்பக்கத்தார் என முப்பது பேர் வந்திருந்தார்கள். முதல் வாடிக்கையாளராக ரோஜா என்ற பெண் அப்பா சின்னசாமியோடு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. சாதிச் சான்று முந்தின நாள்தான் கைக்கு வந்திருந்தது. அப்பாவிடம் இருந்தது பொத்தான் போன்; மற்றவர்கள் போனிலும் மலையில் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல். ஊரில் இணைய இணைப்புள்ள இன்னொரு கடை பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும், அன்றும் அப்படித்தான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டுவதற்கு முன் நான் சிற்றுரை ஆற்றினேன். (யாரும் கேட்கவில்லை.) பெட்டியைக் கூட்டத்தில் கொடுத்து, "தூக்கிப் பாருங்க" என்றேன். பெயர் வைக்கும் வீட்டில் குழந்தையை வாங்குவதுபோல ஒவ்வொருவராக வாங்கித் தூக்கிப் பார்த்து, தலையசைத்து, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். செல்வியின் மாமியார் மட்டும், "அடேங்கப்பா, உள்ள இன்னா வச்சிருக்கான்?" என்று கேட்டார். அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். நான் பெட்டியை அடுத்தவர் பக்கம் நகர்த்தினேன்.

செல்வியின் கணவர் அதைப் பெட்டியில் பூட்டினார். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டோம். ஃபேன் மூன்று நிறத்தில் சுற்றியது. கைதட்டல். ரோஜா பெயரையும் பிறந்த தேதியையும் சொல்ல, செல்வி தட்டச்சு செய்தாள். ஆறாவது நிமிடம் 'டமார்' என்று ஒரு சத்தம், மீன் கருகினதுபோல ஒரு வாடை, திரை இருண்டது. வாசலில் நின்றவர்கள் விழாவுக்குப் பட்டாசு வைத்திருக்கிறோம் என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

நான் செய்த பெரிய தவறு இதற்குப் பிறகுதான். பதினொன்றரைக்குக் கீழே போகும் பஸ் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. சின்னசாமி எழுந்தார்.

"நாங்க கள்ளக்குறிச்சிக்கே போயிடறோம் சார்."

"ஒக்காருங்க. பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

எதை, எப்படிச் சரி செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்திரிகையில் எழுதுகிறவர் சொல்கிறார் என்று அந்த மனிதர் உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறினால் ஐந்து மணிக்கு வழியில்தான் இருப்பார்கள். நான் வயரைப் பிடுங்கி மாட்டினேன். பெட்டியைத் தட்டினேன். நான்கு வருடங்களாக வாசகர்களுக்கு எழுதிய மந்திரத்தையும் கடைப்பிடித்தேன்: அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ரோஜா சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்து, அதன் விளிம்பை நீவிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் பிரிண்டர் வயரின் பில்லைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"நான் அன்னிக்கு வந்த பேப்பர்…"

"சொல்லுங்க சார். வெடிச்சிச்சா?"

"ஆமா."

"சத்தம் மொதல்ல வந்துச்சா, வாசன மொதல்ல வந்துச்சா?"

"சத்தம்."

"ஃபேன் அப்ப சுத்திக்கினு இருந்துச்சா?"

"மூணு கலர்ல சுத்திச்சு."

"கலரு கேக்கல சார்."

விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு வந்தாலும் போதும் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லி வைத்தேன்.

"மெஷினுக்கு நாளைக்கு வரலாம் சார். அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு வந்து இன்னா பண்றது? வச்சிடுங்க, கடைய சாத்தினு கெளம்பறேன்."

மொபெட்டில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அவர் வந்து நின்றபோது மணி இரண்டு ஐம்பத்தைந்து. முன்பக்கம் அந்தப் பல்புப் பலகை, பின்னால் அட்டைப் பெட்டியில் பழைய மதர்போர்டு ஒன்று, கைப்பையில் சாம்பல் நிறப் பெட்டி. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் ஒரு மணி நேரம் நான் பார்த்ததை இருபது வருட நிருபர் வாழ்க்கையில் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஒரு ஆள், தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வது.

முதலில் கணினியைத் தொடவே இல்லை. சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தார். நூற்று எழுபது வோல்ட். "கம்மிதான். ஆனா இந்தப் பீஸு தாங்கும்னு நெனைக்கிறேன். நெனப்பு வேணாம், பாத்துடலாம்." சாம்பல் பெட்டியை ஐந்து பல்புகளோடு இணைத்து சுவிட்சைப் போட்டார். அறை கல்யாண மண்டபம்போல வெளிச்சமானது. எனக்கு அப்போதுதான் புரிந்தது, ஆட்டோ ரிப்பேர் அல்ல அது. பல்புகள்தான் சுமை. சும்மா ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று ஆகிவிடாது; சுமையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் தளராமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

"பன்னெண்டு வோல்ட் வரணும். பதினொண்ணு புள்ளி நாலுக்குக் கீழ எறங்குனா நான் விக்கறதில்ல."

மீட்டர் பதினொன்று புள்ளி ஒன்பதில் நின்றது. மணி மூன்று பத்து.

"அப்ப மாட்டிடலாமே?" என்றேன்.

"இருவது நிமிஷம் எரியட்டும் சார்."

"அஞ்சு மணிக்குள்ள…"

"அதுக்காகத்தான் சார். நீங்க காலையில சீக்கிரமா மாட்டுனீங்க."

இருபது நிமிடங்களும் அவர் சும்மா இல்லை. கறுப்புப் பெட்டியைக் கழற்றி என் முன் வைத்தார். "அறுநூறு வாட்ஸுன்னு பெருசா போட்டிருக்கான். கீழ பொடி எழுத்துல பாருங்க. பன்னெண்டு வோல்ட் லைன்ல பன்னெண்டு ஆம்பியர். பெருக்குங்க, அதான் நெஜ வாட்ஸு."

"நூத்தி நாப்பத்தி நாலு" என்றாள் ரோஜா. அன்று அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை.

"பாப்பாவுக்குத் தெரியுது." தன் சாம்பல் பெட்டியின் ஸ்டிக்கரைக் காட்டினார். மேலே நானூற்று ஐம்பது. பொடி எழுத்தில் முப்பத்து நான்கு ஆம்பியர். பெருக்கினால் நானூற்று எட்டு. "இவன் சொல்றதும் செய்யறதும் கிட்டக்கிட்ட இருக்கு."

பிறகு கறுப்புப் பெட்டியின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கையளவு ஒரு பலகை. அதிலும் பாதி இடங்களில் பாகமே இல்லை. காலி ஓட்டைகளை வெறும் கம்பியால் இணைத்திருந்தார்கள். பெருவிரல் அளவு இருக்க வேண்டிய கப்பாசிட்டர் வேர்க்கடலை அளவில், வாய் பிளந்து கிடந்தது. பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே, கச்சிதமாக வார்த்து ஒட்டிய சாம்பல் நிறப் பாளம் ஒன்று. தனலட்சுமி அதை நெம்பி எடுத்து என் கையில் வைத்தார்.

"நீங்க எழுதுனது தப்பில்ல சார். வெயிட்டு இருக்கு. சிமெண்ட்டு."

கட்டட வேலைக்குப் போகும் சின்னசாமி அதை என்னிடமிருந்து வாங்கி, நகத்தால் சுரண்டிப் பார்த்து, மிகுந்த பொறுப்போடு தீர்ப்புச் சொன்னார்: "கலவ நல்லாத்தான் போட்டிருக்கான். தண்ணி ஊத்தி ஆற வுடல."

முதலில் சிரித்தது செல்வியின் மாமியார். பிறகு யாரும் நிறுத்தவில்லை.

மூன்றரைக்குச் சாம்பல் பெட்டி கணினிக்குள் போனது. ஃபேன் சுற்றியது, திரை வரவில்லை. சிரிப்பு நின்றது. மதர்போர்டு போயிருந்தால் கொண்டு வந்த பழையதை மாற்ற வேண்டும். அதற்கு நேரம் போதுமா என்று தெரியவில்லை. தனலட்சுமி அவசரப்படவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிச் சோதித்துக்கொண்டே வந்து, கடைசியில் மெமரியை உருவி, ரப்பரால் தேய்த்து, மறுபடி பொருத்தினார். திரை வந்தது. நாலே காலுக்குச் செல்வி விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்கினாள். புகைப்படம் ஒருமுறை ஏற மறுத்தது. சாதிச் சான்று இரண்டு முறை. நாலு நாற்பத்தேழுக்கு விண்ணப்ப எண் திரையில் வந்தது. சின்னசாமி அந்த எண்ணைச் சத்தமாக இருமுறை படித்துவிட்டு, தனலட்சுமியைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் அதைக் கவனிக்கவில்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இணைப்பில் திருத்தம் வெளியிட்டேன். பத்திரிகையின் மிகச் சிறிய எழுத்தில், ஆறாம் பக்கத்தின் அடியில். அதற்கு அடுத்த வாரம் முதல் கேள்விகளைத் தனலட்சுமியிடம் கொண்டுபோய்க் கேட்டு, அவர் பெயரையும் போட்டு எழுத ஆரம்பித்தேன். பகுதி நன்றாக இருப்பதாகக் கடிதங்கள் வந்தன. (முன்பு வந்தவற்றைவிட அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.)

ரோஜாவுக்கு இடம் கிடைத்தது. இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போன மாதம் எனக்கு லேசாகத் தலைசுற்றல் என்று மனைவி அங்கே அழைத்துப் போனாள். ரோஜா என்னை எடை மேடையில் ஏற்றினாள். எண்பத்து நான்கு. எழுதிக்கொண்டாள். முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன்.

"எங்க கெளம்பறீங்க சார்? ஒக்காருங்க. வெயிட்ட மட்டும் பாத்து நல்லா இருக்காருன்னு எழுதிட்டா, அப்பறம் வெடிச்சிடுவீங்க."

என் மனைவி சிரித்த சிரிப்பில் டாக்டரே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிரஷர் அதிகமாக இருந்தது. வீட்டில் ஊறுகாய் நின்றது. கூடவே, நான் எதைத் தூக்கினாலும் சொல்ல மனைவிக்கு ஒரு வாக்கியமும் கிடைத்தது.

நேற்று உழவர் சந்தையில் ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பார்த்து, "நல்ல காய்" என்றேன்.

"பிரஷரும் பாத்துடுங்க" என்றாள் மனைவி.

விற்ற அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று காயை என் கையிலிருந்து வாங்கி, நான்கு பக்கமும் தட்டிப் பார்த்து, கீழே வைத்துவிட்டு வேறு காய் எடுத்துக் கொடுத்தார்.