குழந்தைசாமி மெஸ்ஸில் அதிர்ந்த கண்ணாடி

நாலு பரோட்டா கேட்டவருக்குப் பதினாறு பரோட்டா வந்து சேர்ந்ததும், குழந்தைசாமியின் கோபம் முதலில் பரோட்டா மாஸ்டர் மேல்தான் பாய்ந்தது. மாஸ்டர் ஆர்டர் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் பதினாறு என்றுதான் அச்சாகியிருந்தது.

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த மெஸ்ஸில், ஆர்டர் எடுக்கும் வேலையைத் தொடுதிரை மெஷினிடம் ஒப்படைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மெஷின் வாசலை ஒட்டி ஆள் உயரத்துக்கு நின்றது. கண்ணாடியில் தோசை, பரோட்டா, ஆம்லெட் எல்லாம் படம் படமாகத் தெரியும். வேண்டியதைத் தொட்டால் சமையல்கட்டில் சீட்டு வந்து விழும். இப்படி ஒன்று புதுக்கோட்டையிலேயே எத்தனை கடையில் இருக்கிறது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார் குழந்தைசாமி.

பதினாறு பரோட்டாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் நாகராசு. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பத்து வருஷமாக அங்கேதான் சாப்பாடு. சுவிட்சைப் போட்டால் 'டக்'கென்று ஒரு சத்தமாவது வருகிறது, இந்தக் கண்ணாடி கல்லு மாதிரி நிற்கிறது, தொட்டது பட்டதா இல்லையா என்று தெரியாமல் ஒரு பரோட்டாவுக்கு நாலு தடவை வீதம் அமுக்கியதாக அவர் ஒத்துக்கொண்டார்.

"நாலு பரோட்டாவுக்கு நான் பொறுப்பு. மிச்சத்துக்கு ஒங்க கண்ணாடிதான் பொறுப்பு" என்றார்.

அதில் இருந்த நியாயம் குழந்தைசாமிக்கு உறைத்தது. உடனே கோபம் திருச்சிக்குத் திரும்பியது. மெஷினை விற்ற ரகுநாத்தைப் போனில் பிடித்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். ரகுநாத் பணிவாகக் கேட்டுக்கொண்டார். புதிதாக வேறொரு வகை வந்திருப்பதாகவும், அதைத் தொட்டால் கண்ணாடியே லேசாக அதிர்ந்து 'வாங்கிக்கொண்டேன்' என்று விரலுக்குச் சொல்லிவிடும் என்றும், அதையே மாற்றித் தருவதாகவும் சொன்னார்.

மூன்றாம் நாள் வேன் வந்தது. பழைய மெஷினை ஏற்றிக்கொண்டு, புதியதை இறக்கி, பிளக்கைச் சொருகிவிட்டுப் போய்விட்டது.

குழந்தைசாமி விரலை வைத்துப் பார்த்தார். எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. மறுபடி திருச்சிக்குப் போன் போட்டார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரகுநாத், விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தெரியாது, கையைச் சுத்தமாக வைத்துத் தொடச் சொல்லுங்கள் என்று கூறி வைத்துவிட்டார்.

மெஷினுக்குப் பக்கத்திலேயே குழாய் வைத்த டிரம் ஒன்று வந்தது. 'கை கழுவிவிட்டுத் தொடவும்' என்று போர்டும் ஏறியது. நாகராசு ஈரக் கையோடு கண்ணாடியைத் தொட்டார். புருவம் இரண்டும் மேலே போயின.

"இப்பத் தெரியுதுங்க" என்றார்.

அன்றைக்கு அவருக்கு நாலு பரோட்டாதான் வந்தது. குழந்தைசாமிக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் கழுவிய கைகளிலிருந்து சொட்டிய தண்ணீரும், செருப்புகளோடு வந்த மண்ணும் சேர்ந்து புது டைல்ஸ் வயலாகிவிட்டது. காலை டிபனுக்கு வந்த மணிமேகலை டீச்சர் வழுக்கி, மெஷினைக் கட்டிப்பிடித்துத்தான் தப்பித்தார். பிடித்த வேகத்தைவிட விட்ட வேகம் அதிகம். செருப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டிய குழந்தைசாமி, மறுநாள் முதல் எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரவேண்டும் என்று சட்டம் போட்டார்.

அதற்குப் பிறகு அதிர்வு விரலோடு நிற்கவில்லை, முழங்கை வரைக்கும் போயிற்று. ஒருவரும் எதையும் இரண்டாவது தடவை தொடவில்லை. ரெண்டு தோசையும் ஆம்லெட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒற்றைத் தோசையோடு எழுந்தார்கள். வரிசையில் முன்னால் நின்றவர் பின்னால் வந்தவருக்கு மரியாதையாக வழிவிட்டார். அவர் அடுத்தவருக்கு வழிவிட்டார். டீச்சர் குடைக்காம்பால் குத்திப் பார்த்தார். கண்ணாடி அதை மதிக்கவில்லை. டீச்சர் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனார்.

குழந்தைசாமிக்குப் பொறுக்கவில்லை. உலகமே விரும்பி வாங்குகிற வசதியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் இந்த ஜனங்கள் மூஞ்சியைச் சுளிக்கிறார்களே, இவர்களுக்கு முன்னேற்றம் என்றாலே ஆகாதா என்று சமையல்கட்டில் நின்று பொரிந்து தள்ளினார். அவர் மனைவி சந்தனமேரி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நாள் முழுக்க ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுப் பேசுறீங்க. ஒங்க சட்டப்படி நீங்க ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

இந்தச் சவாலை அவர் சபையிலேயே ஏற்றுக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்திப் பார்க்க, செருப்பைக் கழற்றினார். கையை மணிக்கட்டு வரை கழுவினார். ஒரு விரல் கோழைகளுக்கு என்பதுபோல ஐந்து விரலையும் விரித்துக் கண்ணாடியில் பதித்தார்.

அதிர்வு கடைவாய்ப் பல் வரைக்கும் போய்த் திரும்பியது. முன்னங்கை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது. இடது கண் தானாக மூடிக்கொண்டது. கையை எப்படி எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் இலைக்கு முன்னால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்கள்ல, எவ்வளவு துல்லியமா இருக்கு" என்றார். குரல் மட்டும் வேறு யாருடையதோ போல வந்தது.

உள்ளே போய், பல் கூச்சம் அடங்குவதற்குள் ரகுநாத்துக்குப் போன் போட்டார். அதிர்வைக் கொடு என்றால் இப்படியா கொடுப்பது, இன்றைக்கே ஆள் வந்து குறைக்காவிட்டால் மெஷினைத் தூக்கி ரோட்டில் வைத்துவிடுவேன் என்று கத்தினார். ரகுநாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புதுக்கோட்டையில் இருக்கிற சர்வீஸ் பொண்ணு மதியத்துக்குள் வந்துவிடும் என்றார்.

சொன்னபடியே பிளெஸ்ஸி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். குழந்தைசாமி அவளை உட்காரக்கூட விடவில்லை. வெறுங்காலோடு மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு நீளமாகப் பேசினார். தொழில்நுட்பத்தில் தனக்கு ஒரு குறையும் இல்லை, தனக்கு அது ரொம்பப் பிடித்தும் இருக்கிறது, ஆனால் இந்த ஊர் ஜனங்களுக்கு அந்த அளவு தாங்கும் சக்தி கிடையாது, ஆகவே பாதியாகக் குறைத்தால் போதும் என்றார்.

பிளெஸ்ஸி மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். ஈரத் தரையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று எட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அதிர்ற மெஷினு இன்னும் எங்க குடோன விட்டே கெளம்பலைங்க சார். வேன்காரர் மாத்தி எறக்கினது சாதா மெஷினு. இதுல எர்த்து வயரு அந்து போயி, கரண்டு கசிஞ்சு, இத்தன நாளா சாப்பிட வந்தவங்களுக்கெல்லாம் நீங்க ஷாக் அடிக்க வச்சிருக்கீங்க."