பணியில் இருக்கிறார்

திருச்சி மாவட்டத்தில் ஓடுகிற எந்த இயந்திரத்தையும் ஒரே சொல்லில் நிறுத்தத் தன்னால் முடியும் என்று இன்னாசிராஜ் 1984-ல் அறிவித்திருந்தான். பொன்மலைப் பக்கம் போகும் ரயில்களை மட்டும் அவன் இன்னும் முயன்று பார்க்கவில்லை.

பாலக்கரையில் ஒரு கம்பெனியில் அவன் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பழைய ஆபரேட்டர் தைரியராஜ் போன மாதம் மாரடைப்பில் இறந்ததால் காலியான நாற்காலி.

அன்று சாயங்காலம் வருகைப்பதிவு புரோகிராம் நிற்கவில்லை. பிரிண்டர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்தது: 'தைரியராஜ் - பணியில் இருக்கிறார்.'

"ஆறு மணிக்குள்ள நிறுத்து. இல்லேன்னா நாளைலேருந்து உனக்கு ஸ்டாம்பு ஒட்டுற வேலைதான்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சகாயநாதன் கிளம்பிப் போனார்.

கம்ப்யூட்டருக்குக் கார்டு பஞ்ச் செய்யும் அமலராணி கைப்பையை எடுத்தாள். வழக்கம்போல மெஷினைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றாள்.

"மெஷின் என்ன உங்க மாமியாருங்களா?" என்றான் இன்னாசிராஜ்.

"தைரியராஜ் சாருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு சார்."

"இரும்புக்கு மரியாதை! நல்லா இருக்குங்க. ஒரு சூடம் ஏத்துறதுதானே?"

அவள் முறைத்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள்.

இன்னாசிராஜ் 'நிறுத்து' என்று கட்டளை தட்டினான்.

'தைரியராஜ் - ஓவர்டைமில் இருக்கிறார்.'

புரோகிராமை அழித்தான். பிரிண்டர் இரண்டு மடங்கு வேகமாக அடித்தது. கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கினான். ஏ.சி. அடங்கியது. இருட்டில் யாரோ நாற்காலியைப் பின்னால் இழுப்பது போல ஒரு சத்தம். அவன் கை தானாகவே சுவிட்சை ஏற்றிவிட்டது.

'தைரியராஜ் - டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.'

மணி ஆறாகப் போகிறது. இன்னாசிராஜ் வாசலை ஒருமுறை பார்த்தான். யாரும் இல்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மெஷின் அருகில் குனிந்தான்.

"சார்... வீட்டுல தேடுவாங்க. போயிட்டு வாங்க சார்."

பிரிண்டர் நின்றது. மெஷினின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வராந்தாவில் செருப்புச் சத்தம் ஒன்று மெல்லத் தேய்ந்து போனது.

ஈரக் கையோடு அமலராணி உள்ளே வந்தாள். "நின்னுடுச்சா! எப்படி சார்?"

"ஒண்ணுமில்லீங்க..." என்று தரையைப் பார்த்தான். "போயிட்டு வாங்கன்னு சொன்னேன்."

அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸ் விழுந்தது.

"ஐயோ, எழவு வீட்டுலகூட அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோமே சார்! நாளைக்குக் காலையில வந்து நிப்பாரு... நீங்க எந்த நாற்காலியில உக்காருவீங்க?"