உன் அம்மாவுக்காக ஓர் ஒப்பீட்டுப் பட்டியல்

27 மார்ச், வியாழக்கிழமை
முற்பகல் 10.40
பொது நூலகம், நாளிதழ் பிரிவு, சன்னலோர மேசை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், உன் மருத்துவமனைக்கு வந்து போகும் நாய், பூனை, ஆடு, மாடு அனைத்தும் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். இங்கு நான் நலம். பத்தாம் தேதி மாற்றிய மூக்குக்கண்ணாடியும் நலம். உன் அம்மாவைப் பற்றி மட்டும் அந்தச் சொல்லைத் துணிந்து எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். ஆகவேதான் வீட்டில் நல்ல மேசை இருந்தும் நூலகத்தில் வந்து அமர்ந்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டுக் கூடத்தில் பேசுவது சமையலறைவரை கேட்கும் என்பதை உன் கல்லூரிக் காலத்தில் நீயே பட்டு அறிந்தவள். நீ படித்தது கால்நடை மருத்துவம்தான் என்றாலும், நம் குடும்பத்தில் மருத்துவம் என்று எதையாவது படித்தவள் நீ ஒருத்தியே. ஆகவே கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். நீயும் அவ்வாறே படிக்கவும்.

ஜனவரி 6, திங்கட்கிழமை, மாலை 7.15. சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அம்மா பாதியில் எழுந்து, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே நுழைத்து நான்கு நிமிடம் நின்றாள். “என்ன தேடுற?” என்றேன். “குளிரை” என்றாள். மறுநாள் இரு முறை, அதற்கு மறுநாள் மூன்று முறை அவளுக்கு அனல் வந்தது. முகம் சிவந்து, கழுத்து வியர்த்து, கையில் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொள்வாள். ஒரு முறை கையில் கிடைத்தது என் ஓய்வூதிய ஆவணம். வீட்டில் காற்றோட்டம் போதவில்லை என்று முடிவு செய்து, ஜனவரி 18, சனிக்கிழமை, மின்விசிறி பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். அவர் ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மேலே இருந்தபடியே கேட்டார்: “சார், அக்காவுக்கு என்ன வயசு?” மின்விசிறிக்கும் வயதுக்கும் என்ன தொடர்பு என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். “கோவிச்சுக்காதீங்க சார். ஃபேன்ல ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுலயும் இதே கதைதான். நானும் மூணு ஃபேன் மாட்டிப் பாத்தேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னாங்க, மாசாமாசம் வர்றது நிக்கிற வயசு, உடம்புல ஹார்மோன் குறையுது, அதான் இப்படின்னு. காத்தடிச்சு சரியாகிற விஷயமில்ல சார் இது.” குடிநீர் வாரியத்தின் கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, என் மனைவியின் உடம்பைப் பற்றிய முதல் தகவல் ஏணியின் ஆறாவது படியிலிருந்து கிடைத்தது. அன்றே ஒரு பதிவேடு தொடங்கினேன். தேதி, நேரம், அனல் நீடித்த நிமிடங்கள், தூக்கம், மனநிலை என ஐந்து கட்டங்கள். இன்றுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். மனநிலைக் கட்டத்தில் பெரும்பாலும் “என்னிடம் கோபம்” என்றே எழுத நேர்ந்தது. அனல் காரணமா நான் காரணமா என்று பிரித்தறிய வழியில்லை.

இதில் அவசரம் என்ன என்கிறாயா? அம்மா இருபத்து மூன்று ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுத்தருபவள். இந்த ஊரில் வண்டியைக் கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்துபவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். மூன்று முறை தேறாத என்னையே நான்காம் முறை தேற வைத்தவள். அப்படிப்பட்டவள் பிப்ரவரி 26, புதன்கிழமை, ஒரு வங்கி ஊழியரைப் பக்கத்தில் வைத்து ஓட்டச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாயால் “இடது பக்கம்” என்று சொல்லிக் கையால் வலது பக்கத்தைக் காட்டிவிட்டாள். அவர் கையை நம்பினார். வண்டி ஒரு முடிதிருத்தகத்தின் படிக்கட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. உள்ளே முகச்சவரத்துக்கு அமர்ந்திருந்தவர்கூட எழுந்திருக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவள், “தூக்கமும் இல்ல, ஞாபகமும் இல்ல, நான் எதுக்கு அடுத்தவங்களுக்குச் சொல்லித்தரணும்?” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மார்ச் 3, திங்கட்கிழமை, தாள் கோக்கும் ஊசி தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலகுவதாகப் பள்ளி முதலாளிக்கு அவள் எழுதிய கடிதம் இருந்தது. அதில் தேதி இல்லை. தேதியில்லாத கடிதத்தை நான் எப்போதும் பிழை என்பேன். அன்று மட்டும் அந்தப் பிழைக்கு நன்றி சொன்னேன். ஆனால் வரும் திங்கட்கிழமை, 31ஆம் தேதி, முதலாளியிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று நேற்றுமுன்தினம் சொல்லியிருக்கிறாள். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிறது.

நேரே மருத்துவரிடம் அழைத்துப் போவதற்கென்ன என்று கேட்பாய். பேச்சை எடுத்தால், “எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க முதல்ல உங்க சர்க்கரையைப் பாருங்க” என்கிறாள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். இணையவழியில் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை அளிக்கும் மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, முறைப்படி ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். மாத்திரையா, தோலில் தடவும் களிம்பா, ஒட்டும் பட்டையா, மருத்துவர் நேரில் பேசுவாரா, இரத்த அழுத்தம் கேட்கிறார்களா, மார்பகப் பரிசோதனை, இரத்தக்கட்டி, குடும்பத்தில் புற்றுநோய் பற்றி விசாரிக்கிறார்களா என்று பதினான்கு கட்டங்கள். விலைக்குக் கட்டம் போடவில்லை. என் பணிவாழ்வில் அது நான் ஒருபோதும் செய்யாதது.

முதல் நிறுவனம். மார்ச் 12, புதன்கிழமை, முற்பகல் 11.05. விண்ணப்பத்தை யார் நிரப்புகிறாரோ அவர் பெயரிலேயே நிரப்ப வேண்டும் என்பது எங்கள் வாரியத்தின் விதி. அடுத்தவர் பெயரில் நிரப்பியவர்களை நான் எச்சரித்து அனுப்பியிருக்கிறேன். எனவே என் பெயர், என் பிறந்த தேதி, வயது அறுபத்து நான்கு, பாலினம் ஆண் என்று உண்மையையே எழுதினேன். அறிகுறிகளை மட்டும் பதிவேட்டைப் பார்த்துக் குறித்தேன். கடைசி மாதவிடாய் எப்போது என்ற இடத்தில் “பொருந்தாது” என்று எழுதினேன். 11.09க்குப் பதில் வந்தது. வாழ்த்துகளாம். நான் சிகிச்சைக்கு முழுத் தகுதி பெற்றுவிட்டேனாம். மூன்று மாதத்துக்கான பட்டைகள் என் முகவரிக்குப் புறப்படத் தயாராம். “இந்தப் புதிய பருவத்தில் உங்கள் பெண்மையைக் கொண்டாடுங்கள்” என்றும் ஒரு வரி இருந்தது. நான் கொண்டாடவில்லை. ஆணையை ரத்து செய்ய எனக்கு ஆறு மின்னஞ்சல்கள் பிடித்தன.

இரண்டாம் நிறுவனம் இயற்கைக் களிம்பு தருவது. எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் அவரவர்க்கென்று தனியாகக் கலந்து தருவார்களாம். மார்ச் 14 முதல் 19 வரை அவர்களுடைய ஆலோசகர் என்னைப் பதினொரு முறை அழைத்தார். இளம் பெண் குரல், பணிவான குரல், ஆனால் காது மட்டும் வேலை செய்யாத குரல். “வணக்கம்மா, இப்ப எப்படிம்மா இருக்கீங்க?” “நான் அம்மா இல்லை. என் மனைவிக்காகத் தகவல் கேட்கிறேன்.” “கூச்சப்படாதீங்கம்மா. ஆரம்பத்துல எல்லாரும் யாருக்கோ கேக்கிற மாதிரிதான் கேப்பாங்க.” “என் குரலைக் கேட்டால் தெரியவில்லையா?” “குரல் மாறுறதும் ஒரு அறிகுறிதாம்மா.” களிம்பில் என்னென்ன, எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன். “எல்லாமே இயற்கைம்மா.” “இயற்கை எத்தனை விழுக்காடு?” “நூறும்மா.” முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனையோ வால்வு வியாபாரிகளைப் பார்த்தவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாதவனிடம் ஒரு திருகாணிகூட வாங்கியதில்லை.

மூன்றாம் நிறுவனத்தில் மருத்துவர் காணொளியில் பேசுகிறார். மார்ச் 21, வெள்ளிக்கிழமை, 10.30க்கு நேரம் தந்தார்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு 10.10க்கே அமர்ந்துவிட்டேன். மருத்துவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. என் பதிவேட்டைத் திரையில் காட்டச் சொல்லி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். “இவ்வளவு நல்லா எழுதின நோட்டை நான் பாத்ததே இல்ல சார்” என்றார். எனக்கு உள்ளபடியே பெருமையாக இருந்தது. அடுத்து, “சரி, கடைசியா மாதவிடாய் வந்த தேதி என்ன?” என்றார்.

மகளே, நம் வீட்டுக் கதவுக்கு எப்போது வண்ணம் அடித்தோம் என்று கேட்டால் சொல்வேன். உனக்கு முதல் பல் விழுந்த நாளைச் சொல்வேன். எதிர்வீட்டுக்காரர் நம் ஏணியை வாங்கிப் போன தேதியையும் அதைத் திருப்பித் தராத நாட்களின் எண்ணிக்கையையும் சொல்வேன். அவர் கேட்ட அந்த ஒரு தேதி எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில், இரண்டடி தள்ளி உறங்குபவளுக்கு ஒன்று முடிந்துபோயிருக்கிறது. அது எந்த நாளில் என்றுகூட நான் அறியவில்லை. நான் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டுவதைப் பார்த்து மருத்துவர் மெதுவாகக் கேட்டார்: “நீங்க இங்க வந்திருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா சார்?” தெரியாது என்றேன். “அப்ப என்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசுங்க. அவங்க வராம நான் எதுவும் எழுதித் தர மாட்டேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூவரில் என்னைத் திருப்பி அனுப்பியவர் இவர் ஒருவரே. ஆகவே என் பரிந்துரை இவருக்கே.

அவர் சொன்னபடி பேசியும் பார்த்தேன். 25ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், “உனக்கு ஏதாவது நின்னு போச்சா?” என்று கேட்டேன். “எது? கடிகாரமா?” என்றாள். “இல்ல, பொதுவா.” “பொதுவா எல்லாம் ஓடுது. உங்க பேச்சுதான் நிக்க மாட்டேங்குது. அந்தப் போர்வையோட முனையைப் பிடிங்க.” பிடித்தேன். அத்துடன் பேச்சுவார்த்தை முடிந்தது. கடந்த பத்து நாட்களாக அனல் சற்றுக் குறைந்திருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 15ஆம் தேதி நான் சன்னல் திரைகளை வெள்ளை நிறத்துக்கு மாற்றியதே இதற்குக் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திரைச்சீலையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஆகவே உன்னிடம் நான் வேண்டுவது இதுதான். திங்கட்கிழமைக்குள் நீயாகவே அழைப்பதுபோல அம்மாவை அழைத்து, பேச்சோடு பேச்சாக அந்தத் தேதியைக் கேட்டு வாங்கு. மூன்றாம் நிறுவன மருத்துவரிடம் பேச அவளைச் சம்மதிக்க வை. வேலையை விட வேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு காலையில் அவள் படியிறங்கும் சத்தம் கேட்காத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இதையும் சொல்லாதே.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியின்றி, ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டு, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனமார ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா

பின்குறிப்பு: அதே நாள், பிற்பகல் 3.50, வீடு.

மேலே முதல் வரி முதல் கடைசி வேண்டுகோள் வரை அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன. ஆசீர்வாதம் மட்டும் நிற்கும்.

பகலுணவுக்கு வீட்டுக்கு வந்து, கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது உன் அம்மா மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆறு மின்னஞ்சலா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அந்த முதல் இரண்டு நிறுவனங்களையும் பிப்ரவரியிலேயே நீயும் அம்மாவும் பார்த்து ஒதுக்கிவிட்டீர்களாமே! மூன்றாமவர் நல்லவர்தான் என்றாலும் நேரில் பார்ப்பதே மேல் என்று முடிவு செய்தீர்களாமே! “எவ்வளவு நேரத்துல முடிவு பண்ணீங்க?” என்று கேட்டேன். “அரை மணி நேரம். போன்ல பேசிக்கிட்டே நான் துணி மடிச்சேன், அவ ஏதோ பூனைக்கு ஊசி போட்டா.” மார்ச் 7, வெள்ளிக்கிழமை, மகளிர் மருத்துவரைப் பார்த்து, எல்லாப் பரிசோதனையும் முடித்து, மறுநாள் முதல் பட்டை ஒட்டிக்கொள்கிறாள். திரைச்சீலைகளுக்கு இதில் பங்கில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன். “சொன்னா நீங்க பட்டியல் போடுவீங்கன்னுதான்” என்றாள். விலகல் கடிதத்தைக் கேட்டேன். “கோவத்துல எழுதினது. கிழிக்க மறந்துட்டேன்” என்று சொல்லி என் கண்முன்னே கிழித்தாள். திங்கட்கிழமை முதலாளியிடம் பேசப்போவது, பயிற்சி வண்டியின் பழைய ஏசியை மாற்றச் சொல்லி. மாற்றாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடுவேன் என்று மிரட்டப் போகிறாளாம்.

அதன்பின் மீதிப் பக்கங்களைப் படித்தாள். மருத்துவர் தேதி கேட்ட இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு அந்தத் தேதியைச் சொன்னாள். “இதை எங்கயும் எழுதி வைக்காதீங்க” என்றாள். எழுதவில்லை.

ஜூன் 5, வியாழக்கிழமை, காலை 9.45க்கு மருத்துவர் மறுபடியும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறாராம். நானும் வரலாமாம், பக்கத்தில் உட்காரலாமாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாதாம். எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டேன். 9.15க்கே போய்விடுவோம்.