புரட்டாசியில் ஒரு தீபாவளி

நாள் குறிக்கும் அதிகாரத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நிறையப் படித்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களிடம் மட்டும் கொடுக்கக் கூடாது. இதை நான் அனுபவத்தில் கற்றேன். என்னோடு சேர்ந்து, பக்குரங்கா என்ற புறநகரில் ஒரு தொடக்கப் பள்ளி முழுவதும் கற்றுக்கொண்டது.

நியூசிலாந்தில் பள்ளிப் பருவங்களின் பொதுவான வரம்பை வெலிங்டனில் இருக்கும் அமைச்சகம் வகுத்துவிடும். அந்த வரம்புக்குள் பள்ளியை எந்த நாளில் திறப்பது, பயிற்சிக்காக ஆசிரியர்கள் மட்டும் வருகின்ற நாட்களை எங்கே வைப்பது என்பதையெல்லாம் அந்தந்தப் பள்ளியின் அறங்காவலர் குழு முடிவு செய்யும். குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்களே. தொண்ணூற்றைந்தில் நானும் அதில் ஓர் உறுப்பினர் ஆனேன். காலியாக இருந்த இடங்களும் போட்டியிட்டவர்களும் ஒரே எண்ணிக்கை என்பதால் தேர்தலே நடக்கவில்லை. (மதுரைக்கு எழுதிய கடிதத்தில் "வெற்றி பெற்றேன்" என்றுதான் எழுதியிருந்தேன்.)

அந்த ஆண்டு தீபாவளி, அக்டோபரில் வரும் லேபர் டே விடுமுறைத் திங்களன்றே வந்தது. எங்கள் மகள் காயத்ரிக்கு அப்போது எட்டு வயது. அதுவரை அவள் அறிந்த தீபாவளிகளில் பல, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரம் காயாத தலையோடு பள்ளிக்கு ஓடி, "உன் தலையில் என்ன வாசனை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே முடிந்திருந்தன. அம்முறை நாள் முழுவதும் பட்டுப்பாவாடையோடு வீட்டைச் சுற்றி வந்தாள். மாலையில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நெக்ஸ்ட் இயரும் லீவு விடுவாங்களா, அம்மா?"

"விடுவாங்க. அம்மா பாத்துக்கிறேன்" என்றேன்.

கணவர் ராகவன் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "வாக்குறுதி எல்லாம் குடுக்குறியே, ஜானகி."

"நான் போர்டு மெம்பர்" என்றேன்.

மூன்று பருவங்களாக இருந்த பள்ளி ஆண்டை மறு ஆண்டிலிருந்து நான்காகப் பிரிக்கப் போகிறார்கள் என்பதால், அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லா நாட்களையும் புதிதாக அடுக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களுக்கான நாள் ஒன்றை லேபர் டே வார இறுதிக்கு முந்தைய வெள்ளியில் வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். பயிற்சி மதியத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்கோ தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை. பாதிக் குடும்பங்கள் கடற்கரைக்குப் போய்விடும். அந்த வெள்ளியைத்தான் தீபாவளி நாளுக்குப் பெயர்க்க வேண்டும் என்றேன்.

அடுத்த ஆண்டின் பஞ்சாங்கம் எதுவும் அப்போது என் கைக்கு வந்திருக்கவில்லை. அது எனக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை. நூலகத்தில் வேலை பார்ப்பவள். வானியலைப் பற்றி இரண்டு புத்தகங்கள் படித்திருந்தேன். வெள்ளைப்பலகையில் முந்தைய மூன்று தீபாவளிகளையும் எழுதி, சந்திரனை வைத்துக் கணக்கிடும் பண்டிகை ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னதாக வரும் என்று விளக்கி, அடுத்த தீபாவளி அக்டோபர் இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை என்று வட்டமிட்டேன். அமாவாசையைக்கூடச் சரிபார்த்திருந்தேன், சனிக்கிழமை அமாவாசை. எங்கள் ஊர் வழக்கப்படி அதற்கு முந்தைய நாள் தீபாவளி. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

குழுவின் தலைவர் காலின் வீடு கட்டித் தரும் தொழில் செய்பவர். அவர் மட்டும் பென்சிலால் காதைச் சொறிந்தபடி கேட்டார்: "ஆண்டுதோறும் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருந்தால், ஒரு காலத்தில் உங்கள் தீபாவளி எங்கள் ஈஸ்டரில் வந்து நிற்குமா?"

அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே அறிவார்ந்த கேள்வி அது. நான் புன்னகைத்தேன். (எப்படிப்பட்ட புன்னகை என்பதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.) "சுவையான கேள்வி, காலின்" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசிப் போனேன். தீர்மானம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

சனவரியில் மதுரையிலிருந்து தினசரிக் காலண்டர் வந்தது. சமையலறையில் மாட்டி ஒவ்வொரு நாளாகக் கிழித்தேனே தவிர, ஒருமுறைகூட அக்டோபரைப் புரட்டிப் பார்க்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்கே தேதி குறிச்சவளுக்குக் காலண்டர் எதுக்கு?" என்று ராகவன் பின்னாளில் கேட்டார்.

அக்டோபர் வந்தது. "தீபாவளியை முன்னிட்டு வெள்ளியன்று வகுப்புகள் இல்லை" என்று பள்ளியின் செய்திமடல் எல்லா வீடுகளுக்கும் போயிற்று. நான் அதிரசத்துக்கு மாவு கிளறி வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த யாழ்ப்பாணத்துப் புஷ்பராணி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமை தீபாவளிக்கு நம்ம வீட்டுக்குத்தான் சாப்பிட வரணும், அக்கா."



"எந்தத் தீபாவளி, பிள்ளை?"

"இந்த வெள்ளிதானே, அக்கா."

"என்ன கதைக்கிறீர்? ஐப்பசி இன்னும் பிறக்கேல்லை. புரட்டாசியிலே ஆராவது தீபாவளி கொண்டாடுவினமே? சனிக்கிழமை மாளய அமாவாசை. நாங்கள் விரதம்."

ரிசீவரை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிப் புரட்டினேன். நவம்பரில் ஒரு தாளில் சிவப்பு எழுத்தில் தீபாவளி என்று அச்சாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை! எந்தக் குழுவும் தீர்மானம் போடாமலே, உலகத்துப் பள்ளிகள் மூடிக் கிடக்கும் நாள்.

பின்வாங்கிக்கொண்டே போகும் சந்திரக் கணக்கை இழுத்துப் பிடித்து நிறுத்த, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதத்தைச் சேர்ப்பார்கள். நான் படித்த இரண்டு புத்தகங்களிலும் அது இருந்தது. காலினின் கேள்விக்கு விடையும் அதுவே. அந்த அதிக மாதம் அந்த ஆண்டில்தான் வந்திருந்தது. புத்தகமே வேண்டாம், தீபாவளி ஐப்பசியில் வரும் என்பது எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும்.

பதற்றம் அடங்கிய பிறகு எனக்கு உறைத்தது வேறொன்று. இனி அந்தப் பள்ளியில் எவராவது தீபாவளிக்காகப் பேச எழுந்தால், யார் செவிசாய்ப்பார்கள்? காயத்ரிக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து நான் கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் திருமதி ஹார்ட்டின் அறையில் உட்கார்ந்து, அவர் குறுக்கிடாமல் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெள்ளியன்று தீபாவளி இல்லை" என்றார்.

"இல்லை."

"பயிற்சி தருபவரிடம் நாள் சொல்லியாகிவிட்டது. மாற்ற முடியாது. அப்படியானால் அன்று உங்களுக்கு எந்த விசேஷமும் இல்லையா?"

"சனிக்கிழமை இருக்கிறது. இறந்துபோனவர்களை நினைத்துக்கொள்ளும் நாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொருத்தம்தான். லேபர் டே வெள்ளி போனதிலிருந்து என் ஆசிரியர்களும் ஏறக்குறைய அந்த மனநிலையில்தான் இருக்கிறார்கள்."

பிறகு மெல்லச் சேர்த்துக்கொண்டார்: "அடுத்த கூட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள், ஜானகி. நான் சொன்னால் அறிக்கை ஆகிவிடும்."

அந்த வெள்ளிக்கிழமையை நான் வீட்டுக்குள்ளேயே கழித்திருக்க வேண்டும். பால் வாங்க மூலையிலிருந்த டெய்ரி என்னும் சிறு கடைக்குப் போனேன். வழியில் இரண்டு பெற்றோர்கள் தீபாவளி வாழ்த்துச் சொன்னார்கள், நன்றி சொன்னேன். கல்லாவில் இருந்த குஜராத்திக்காரர் மட்டும் என்னைக் கவலையோடு பார்த்தார். "காலையிலிருந்து வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரியாமல் உங்கள் ஊரில் எதையாவது மாற்றிவிட்டீர்களா?"

காயத்ரி ஒருத்திதான் மகிழ்ச்சியோடு இருந்தாள். நான் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள்: "ஸோ, எனக்கு ரெண்டு தீபாவளி!" அதிரசம் வீணாகக் கூடாதென்று அன்றே சுட்டேன். எங்கள் வாழ்நாளில் புரட்டாசியில் சுட்ட ஒரே தீபாவளி அதிரசம். ராகவன் நான்கு சாப்பிட்டுவிட்டு, "கணக்கு தப்புன்னாலும் பாகு பதம் தப்பல" என்றார். அவர் என்னைத் தேற்றும் முறை எப்போதும் அப்படித்தான்.

அசல் தீபாவளி கழிந்த மறுவாரம் கூட்டம். எழுந்து நின்று, அதிக மாதத்தை இரண்டு வாக்கியங்களில் விளக்கினேன். பிறகு காலினைப் பார்த்துச் சொன்னேன்: "ஈஸ்டரில் வந்து நிற்காது. போன வருடமே நீங்கள் கேட்டீர்கள். எனக்கு விடை தெரியவில்லை, தெரிந்ததுபோல நடந்துகொண்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மறு ஆண்டின் நாட்களை எடுத்துக்கொண்டபோது நான் வாயே திறக்கவில்லை. லேபர் டே வெள்ளியைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். காலின் பென்சிலால் காதைச் சொறிந்தார்.

"அடுத்த தீபாவளி எந்தக் கிழமை?"

"வியாழன்" என்றேன். இம்முறை புஷ்பராணி அக்காவின் பஞ்சாங்கத்தையே பையில் கொண்டுபோயிருந்தேன்.

"அப்படியென்றால் இரண்டாவது ஆசிரியர் நாளை அந்த வியாழனுக்கு மாற்றலாம். இத்தனை பேர் வாழ்த்துச் சொல்லப் பழகிவிட்டார்கள், வீணாக்குவானேன்?" என்றவர், எழுதிக்கொண்டிருந்த செயலாளரிடம் திரும்பினார். "ஒரு நிபந்தனையும் போட்டுக்கொள்ளுங்கள்."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன். அந்தத் தீர்மானத்தின் நகல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. "தீபாவளியின் தேதியை, ஜானகி அல்லாத ஒருவர் ஆண்டுதோறும் உறுதிப்படுத்த வேண்டும்."

காயத்ரிக்கு இப்போது மாஸி என்ற புறநகரில் சொந்த வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பல் மருத்துவரிடம் போகும் நாளோ, விமானம் ஏறும் நாளோ, என் வாயிலிருந்து ஒரு தேதி வந்துவிட்டால் போதும். மூத்த பேத்தி கையைத் தூக்கிவிடுகிறாள். அவள் தமிழில் தடுமாறாமல் முழுதாகச் சொல்லும் வாக்கியங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று: "பாட்டி அல்லாத ஒருவர் சொல்லணும்."