சிவப்பு மூடிக்கு ஒரே ஈ, நீல மூடிக்கு விருந்து

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரமாட்டேன் என்கிறது.

நீங்களும் மகளும் பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று, "ஒண்ணும் வேலையே இல்லை மாமா, தீனி போட்டாப் போதும்" என்று சொல்லி, எங்கள் படுக்கையறை அலமாரி நிறைய சிலந்திக் குப்பிகளை அடுக்கிவிட்டுப் போனீர்கள். சிவப்பு மூடிக்கு எப்போதும் பழ ஈ மட்டும். நீல மூடிக்கு ஈ, கொசு, விட்டில், குட்டி வெட்டுக்கிளி என்று மாற்றி மாற்றி. எந்தக் கூட்டம் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் உங்கள் ஆராய்ச்சி. எனக்குப் புரிந்தது. உங்கள் அத்தைக்குப் புரியவில்லை.

நீல மூடிக்கான ஈக்கள் சத்தாக வளர, அவற்றின் வாழைப்பழக் கூழில் நாய் பிஸ்கட்டைப் பொடித்துக் கலக்கச் சொன்னீர்கள் அல்லவா? கடைக்காரர், "என்ன நாய் சார்?" என்றார். நாய்க்கு இல்லை, ஈக்கு என்றேன். "ஈக்கா?" என்றார். அந்த ஈயும் சிலந்திக்குத்தான் என்று விளக்கினேன். பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "வீட்ல கூட யாராவது இருக்காங்களா சார்?" என்று கனிவாகக் கேட்கிறார். இந்த வயதில் எனக்கு இது தேவையா? ஈக் குப்பியின் பஞ்சு கழன்று சமையலறை முழுக்க ஈ பறந்த கதையை எழுதினால் தாள் போதாது.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். நாளாக ஆக, சிவப்பு மூடிக்காரர்கள் இளைத்து, தோலுரிக்கவும் தெம்பில்லாமல் கிடந்தார்கள். ஒன்றிரண்டு செத்தும் போயின. அங்கேதான் வினை. "ஒரே அலமாரில ஒருத்தனுக்கு விருந்து, இன்னொருத்தனுக்குத் தினமும் அதே ஈயா? மாப்பிள்ளை நம்ம பொண்ணுக்கு எந்த மூடி போட்டு வெச்சிருக்காரோ!" என்று உங்கள் அத்தை அழவே ஆரம்பித்துவிட்டாள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் பார்த்தால், சிவப்பு மூடிகள் சிலவற்றில் கொழுகொழுவென்று சிலந்திகள்! விசாரித்தேன். நான் கடைக்குப் போகும் நேரமெல்லாம் இவள் சிவப்பு மூடியைத் திறந்து வெட்டுக்கிளி போட்டிருக்கிறாள். "ஆராய்ச்சியே போச்சுடி!" என்றேன். "உசுரு போறதுக்கு ஆராய்ச்சி போனாப் பரவாயில்லை" என்கிறாள்.

நீங்கள் சொன்னதை நான் இம்மி பிசகாமல் செய்தேன். பழி முழுவதும் அத்தையைத்தான் சேரும். உடனே வந்து குப்பிகளை எடுத்துக்கொண்டு போய் என்னைக் காப்பாற்றுங்கள்.

மகளுக்கு எங்கள் ஆசிகள். இருவரும் ஒரு குறையுமின்றி வாழ்க.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். தபால்ல சேர்க்கச் சொல்லி இதை என்கிட்டதான் கொடுத்தார். எறும்பு ஏறுதுன்னு குப்பி வாயிலெல்லாம் காகிதத்தைக் கட்டிட்டு, எல்லா மூடியையும் ஒண்ணாக் கழுவி, கண்ணாடி போடாம கைக்கு வந்ததை வந்த இடத்துல மாட்டினது உங்க மாமாதான். நான் பாவம் பார்த்துப் போட்ட வெட்டுக்கிளியில பாதி, ஏற்கெனவே கொழுத்திருந்ததுக்கே போயிருக்கு! எது எந்தக் கூட்டம்னு இப்ப யாருக்கும் தெரியாது. அதனால எல்லாத்துக்கும் எல்லாத்தையும் போடுறேன். சிலந்தியெல்லாம் நல்லாத் தேறிடுச்சு. ஆராய்ச்சி தேறுமான்னு நீங்கதான் பார்க்கணும்.