மாமனார் கொடுத்த கில்ட்

"இன்னொரு தடவை நல்லாப் பாரு," என்றாள் இஷ்பெல்.

லாக்லன் இன்னொரு தடவை பார்த்தான். முதலில் அலமாரிக்குள் தலையை மட்டும் விட்டவன், இந்தத் தடவை ஆளே உள்ளே போய்விட்டான். கோட்டு இருந்தது. கம்பளிக் காலுறை இருந்தது. இடுப்புக்கு முன்னால் தொங்கவிடும் தோல்பைகூட இருந்தது. ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் கொசுவம் வைத்த ஸ்காட்லாந்துப் பாவாடை, அந்தக் கில்ட்டைத்தான் காணோம்.

"சலவைக்குப் போடணும்னு கறுப்புப் பையில கட்டி வச்சிருந்தேனே?" என்றாள் இஷ்பெல்.

"எந்தக் கறுப்புப் பை?"

"பழந்துணிப் பைக்குப் பக்கத்துல இருந்ததே, அது."

லாக்லன் அலமாரியிலிருந்து மெதுவாக வெளியே வந்தான். பழந்துணிப் பையை, தானமாக வந்த பழையதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கிற தர்மக் கடையில் போட்டுவிட்டு வா என்று நவம்பரில் இவள்தான் சொன்னாள். ஒரு பை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தால், இரண்டையும் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குப் பொறுப்பான கணவன் அவன். கடையில் இருந்த மிஸ் பெட்ரி "ரொம்ப தாராள மனசு உனக்கு" என்று வேறு புகழ்ந்தாள். அவனும் வெட்கமில்லாமல் சிரித்துவிட்டு வந்தான்.

"ரெண்டு மாசம் ஆச்சு," என்று முனகினான். "இந்நேரம் அது எவன் இடுப்பில இருக்கோ!"

இஷ்பெல் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆறு மாத வயிறு. மீன் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடித்தனம். அவளுடைய அப்பா டூகலுக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு சும்மா பூட்டிக் கிடந்தது. அது யாருக்கு என்பதை இன்றைய புத்தாண்டு விருந்தில் சொல்வதாகக் கிழவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கிழவருக்கு ஒரே பைத்தியம்தான், கில்ட் பைத்தியம். மகள்களைக் கட்டிக் கொடுத்தபோது ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் குடும்பத்துக் கட்டம் போட்ட எட்டு கஜக் கம்பளியில் கில்ட் தைத்துக் கொடுத்தார். பச்சை, கருநீலம், நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. புத்தாண்டு விருந்துக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும். போன வருஷம் மூத்த மாப்பிள்ளை கிரெகர், தேய்க்கும்போது கருகிவிட்டது என்று கால்சட்டையில் வந்து நின்றான். "கொடுத்த கில்ட்டைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு வீடு ஒரு கேடா?" என்றார் டூகல். அத்தோடு கிரெகர் கதை முடிந்தது.

"உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்றான் லாக்லன்.

"தாராளமா சொல்லு. குழந்தை பொறந்ததும் நீ ஓட்டுற ஸ்கூல் பஸ்ல தொட்டில் கட்டிக்கலாம்."

அப்போதுதான் அவனுக்குக் காரின் பின்பெட்டியில் கிடந்த கம்பளி ஞாபகம் வந்தது. ஏரிக்கரையில் விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிற விரிப்பு. பச்சைக் கட்டம்தான். மஞ்சள் கோடு இருக்கவேண்டிய இடத்தில் ஆரஞ்சுக் கோடு.

"அப்பாவுக்கு இடது கண்ணு மங்கல்," என்றாள் இஷ்பெல். "இடது பக்கமாவே நில்லு."

அவளே பின்னால் கொசுவம் மடித்து, பெல்ட் போட்டு இறுக்கி, ஒன்பது ஊக்கு குத்தினாள். ஓரத்தில் குஞ்சம் தொங்கியது. அதை வெட்டப்போய் நூல் பிரிய ஆரம்பித்தது. பிரிந்த நூலை உள்ளே செருகினாள். காரில் உட்கார்ந்ததும் ஒன்பது ஊக்கில் நான்கு தங்கள் இருப்பைத் தெரிவித்தன. லாக்லன் ஓட்டினான் என்று சொல்வதைவிட, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனான் என்று சொல்லலாம்.

மாமனார் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைச் சுவருக்குக் கொடுத்து விறைப்பாக நின்றிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! பார்த்தியா கிரெகர்? இதுதான் ஆம்பளைக்கு லட்சணம்!"

கில்ட்டில்லாத கிரெகர் மூலையில் ஒரு கேக் துண்டோடு ஒதுங்கிக் கிடந்தான். லாக்லன் இடது பக்கமாகவே நகர்ந்து அடுப்புக்கு அந்தப்புறம் போய் நின்றான். தப்பித்தோம் என்று மூச்சு விட்ட நேரத்தில், டூகலின் நாய் மெக் ஓடி வந்து அவன் கொசுவத்துக்குள் மூக்கை நுழைத்தது. போன மாதம் அதை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனதும் லாக்லன்தான். அது படுத்துக்கொண்டு போனதும் இதே கம்பளியில்தான்.

"மெக்குக்கு உங்க மேல என்ன பாசம் மாப்பிள்ளை!" என்று நெகிழ்ந்தாள் மாமியார் எஃபி.

அடுப்புச் சூட்டில் கம்பளி காயக் காய, அதிலிருந்து ஈர நாய் வாடை கிளம்பியது. மாமியார் மூக்கை உறிஞ்சினாள். நாயைப் பார்த்து, "சீ, வெளியே போ கழுதை!" என்றாள். நாய் போகவில்லை. வாடைக்குப் பயந்து லாக்லன் ஜன்னலுக்கு நகர்ந்தான். நாயும் நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், விருந்துக்கு வந்த தர்மக் கடை மிஸ் பெட்ரி வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

வாய் திறந்தால் மூடத் தெரியாதவள். "உன் மூட்டையில என்ன அருமையான கில்ட்!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏரிக்கரை வீடு ஏரிக்குள் போய்விடும்.

அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் லாக்லன் ஒரு பெரிய கோப்பை விஸ்கியை அவள் கையில் திணித்தான்.

"அட, தாராள மனசுக்காரன்! போன நவம்பர்ல கூட—"

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

குடிக்கிற வாய் பேசாது என்பது அவன் கணக்கு. மிஸ் பெட்ரி விஷயத்தில் அது நேர்மாறு. மூன்றாவது கோப்பையில் மாதா கோயில் பாதிரியாரின் பல் செட்டுப் பற்றிச் சொன்னாள். நான்காவதில் தபால்காரர் மனைவி பற்றிச் சொன்னாள். அடுத்தது நாம்தான் என்று லாக்லனுக்கு வியர்த்தது.

நல்லவேளையாக எஃபி சாப்பிடக் கூப்பிட்டாள். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ஸ்டேக் பையும் உருளைக்கிழங்கு மசியலும் மேஜையில் ஆவி பறக்க இருந்தன. ஊக்குகளை நினைத்துக்கொண்டு லாக்லன் நாற்காலியை ஏக்கத்தோடு பார்த்தான்.

"நான் நின்னுக்கிட்டே சாப்பிடறேன்," என்றார் டூகல் திடீரென்று. "உட்கார்ந்தா செரிக்க மாட்டேங்குது."

"நானும் மாமா!"

டூகல் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மாமனாரும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். கிரெகர் மட்டும் உட்கார்ந்து இரண்டு பேர் பங்கைத் தின்றான்.

தட்டுகளை எடுத்ததும் எஃபி கேமராவோடு வந்தாள். "கில்ட் கட்டினவங்க ரெண்டு பேரும் வாங்க. இந்தத் தடவை முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்க. கொசுவத்து அழகு தெரியட்டும்."

"வேண்டாம்!" என்று அலறினார் டூகல்.

அதே வார்த்தைக்கு வாயைத் திறந்திருந்த லாக்லன், திறந்த வாயோடு அவரைப் பார்த்தான். தெய்வம்தான் கிழவர் வாயில் புகுந்து பேசுகிறது என்று நினைத்தான். அந்த நிம்மதியில் ஒரு அடி முன்னால் வைத்தான். அவிழ்ந்து தொங்கிய குஞ்சத்தை நாய் பல்லால் கவ்வியிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஊக்குகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பெல்ட் நழுவியது. சட்டை நீளமாக இருந்ததால் ஸ்காட்லாந்தின் மானம் தப்பியது. மெக் கம்பளியைத் தரையில் இழுத்துப் போட்டு, மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"இது உன் கார்ல கிடக்கிற விரிப்பில்ல?" என்றான் கிரெகர். ஒரு வருஷமாகக் காத்திருந்தவன் குரல் அது.

லாக்லன் நாற்காலித் திண்டு ஒன்றை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தான். கறுப்புப் பை, தர்மக் கடை, ஒன்பது ஊக்கு, ஒன்று விடவில்லை.

டூகலின் முகம் சிவந்தது. "நான் பார்த்துப் பார்த்துத் தைச்சுக் கொடுத்ததைப் பழந்துணியோட தூக்கிப் போட்டியா? கொடுத்த கில்ட்டைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு என் வீட்டுல இடம் கிடையாது! அது ஏரிக்கரை வீடா இருந்தாலும் சரி, இந்த வீடா இருந்தாலும் சரி!"

"அப்பா, விடுங்கப்பா," என்றாள் இஷ்பெல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லாக்லனுக்கு வீடு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இவளை அழவைத்துவிட்டோமே என்பதுதான் பொறுக்கவில்லை.

மிஸ் பெட்ரி ஐந்தாவது கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்படிப் பார்த்தா முதல்ல நீதான் இந்த வீட்டைக் காலி பண்ணணும் டூகல். உன் கில்ட்டைப் பூச்சி அரிச்சுடுச்சு, யாருக்கும் சொல்லிடாதேன்னு கடைக்கு வந்து என் கையைப் பிடிச்சுக் கெஞ்சி வாங்கிட்டுப் போனியே, இடுப்புக்குப் பத்தாம, பின்னாடி பக்கிள் மாட்ட முடியாம இப்போ நீ கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு நிக்கறே பாரு, அது உன் மாப்பிள்ளை மூட்டையில வந்ததுதான்!"